முத்திரை சரியா இருக்கா? – லினக்ஸ் அப்டேட் பிழைகளும் தீர்வுகளும்



அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்த அரசு மடிக்கணினி உங்க வீட்டிலும் இருக்கலாம். அந்தத் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கியது. அப்படி வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோசுடன் ‘பாஸ்’ லினக்சும் இருந்தது. சென்னை சி-டாக் 2007இல் வெளியிட்ட பாஸ், டெபியன் லினக்சை அடிப்படையாகக் கொண்டது. உபுண்டுவும் டெபியன் வழி வந்ததுதான். அதனால் கீழே சொல்வது மூன்றுக்கும் பொருந்தும்.

டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ என்று தட்டினால், சில நேரம் ‘கையொப்பம் சரியில்லை’ என்று ஆங்கிலத்தில் பிழை வரும். பயந்துடாதீங்க! கணினி கெட்டுப் போகலை. வாசல் காவல்காரர் விழிப்பா இருக்கார்னு அர்த்தம்.

கையொப்பம் எதற்கு?

பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டு முத்திரையோடு வரும். முத்திரை உடைந்திருந்தால் யாரும் வாங்க மாட்டாங்க. மென்பொருள் கிடங்கும் அப்படித்தான். கிடங்கை நடத்துபவரிடம் இரகசியச் சாவி ஒன்று இருக்கும். அதால் ‘ரிலீஸ்’ என்ற கோப்பில் கையொப்பம் இடுவார். நம் கணினியில் உள்ள பொதுச் சாவி அதைச் சோதிக்கும். ரிலீஸ் கோப்பில் பட்டியல்களின் ஹாஷ் எண்கள் இருக்கும். பட்டியலில் ஒவ்வொரு பொதியின் ஹாஷ் எண்ணும் இருக்கும். ஆக, ஒரே கையொப்பம் ஆயிரக்கணக்கான பொதிகளைக் காக்கிறது.

பிழையும் தீர்வும்

1. ‘நாட் வேலிட் எட்’ – ‘இன்னும் செல்லுபடி ஆகவில்லை’ என்று பொருள். கணினியின் தேதியை முதலில் பாருங்க. மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி (சி.ஆர். 2032) தீர்ந்தால் தேதி பல வருசம் பின்னால் போய் நிற்கும். தேதியைச் சரிசெய்து, பேட்டரியையும் மாற்றணும்.

2. ‘நோ பப்கீ’ – அந்தக் கிடங்கின் பொதுச் சாவி நம்மிடம் இல்லை. மென்பொருளை உருவாக்கியவரின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் சாவியை எடுத்து, அதன் கைரேகை எண்ணை ஒப்பிட்டுப் பாருங்க. முன்பு ‘ஆப்ட்-கீ’ கட்டளையால் சேர்ப்பார்கள். டெபியன் 13இல் (2025) அது கிடையாது. இப்போது ‘கீரிங்ஸ்’ என்ற கோப்புறையில் வைத்து, ‘இந்தச் சாவி இந்தக் கிடங்குக்கு மட்டும்’ என்று எழுத வேண்டும்.

3. ‘எக்ஸ்ப்கீசிக்’ – சாவி காலாவதி ஆகிவிட்டது. கீரிங் பொதியின் புதிய பதிப்பைப் போட்டால் சரியாகும். லினக்ஸ் பதிப்பே ரொம்பப் பழசு என்றால், கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு புதிய பதிப்பை நிறுவுவதே நல்லது.

4. ‘பேட்சிக்’, ‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’ – வந்த கோப்பு, அனுப்பிய கோப்பு மாதிரி இல்லை. இறக்கம் பாதியில் நின்றிருக்கலாம். கிடங்கு அந்த நேரம் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டு இருக்கலாம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயலுங்க. வேறு இணைப்பிலும் இதே பிழை வந்தால் நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் காட்டுங்க.

5. ‘நோஸ்பிளிட்’ – வைஃபையில் இன்னும் நுழையவில்லை. கோப்புக்குப் பதிலாக நுழைவுப் பக்கம் வந்திருக்கும். உலாவியைத் திறந்து கடவுச்சொல் கொடுத்தால் போதும்.

6. ‘குட் நாட் கெட் லாக்’ – இது கையொப்பப் பிழை அல்ல. பின்னால் வேறொரு அப்டேட் ஓடுகிறது. பொறுத்திருங்க, பூட்டுக் கோப்பை அழிக்காதீங்க.

செய்யக் கூடாதது

‘டிரஸ்டட்=எஸ்’ என்று எழுதினால் பிழை மறையும் என்று சிலர் சொல்வாங்க. மறையும்தான், கூடவே காவலும் போய்விடும்! 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள் புகுந்தவர்கள், திருட்டு நிரல் ஒளித்த வட்டுக் கோப்புக்கு இணைப்பை மாற்றி வைத்தார்கள். சரியான ஹாஷ் எண்ணோடு ஒப்பிட்டால் அந்தக் கோப்பின் வேஷம் கலைந்துவிடும். ஒப்பிடாதவர் தானே கதவைத் திறந்துவிட்ட மாதிரி.

தெரிஞ்சுக்கோங்க!

கையொப்பம் ‘யார் அனுப்பினார், வழியில் மாறியதா’ என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே இருப்பது நல்லதா என்று சொல்லாது. 2024 மார்ச்சில் ‘எக்ஸ்-இசட்’ என்ற மென்பொருளில், அதைப் பராமரித்தவர்களில் ஒருவர் கணக்கிலிருந்தே கள்ளக் கதவு வைக்கப்பட்டது. ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், கணினியில் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். முத்திரையும் வேணும், கவனிக்கிற கண்ணும் வேணும்.

செய்து பாருங்கள்

ஒரு கோப்பில் உங்க பெயரைத் தட்டிச் சேமியுங்க. ‘எஸ்.எச்.ஏ.256.சம்’ கட்டளையை அதன் மேல் ஓட்டுங்க. 64 குறிகள் கொண்ட எண் வரும். பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்க. எத்தனை குறிகள் அதே இடத்தில் மாறாமல் இருக்குன்னு எண்ணி, இந்தத் தாளுக்குக் கீழே எழுதி ஒட்டுங்க!