அட்டை போடும் மாதம்

கேள்வி: பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த வேலை எது? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: புத்தகங்களுக்கு அட்டை போடுவதுதான், சந்தேகமே இல்லை! பழுப்புத் தாளை விரித்து, நடுவில் புத்தகத்தை வைத்து, முதுகுப் பக்கம் மேலும் கீழும் சின்னதாக வெட்டி உள்ளே மடிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் ஆடி பிறப்பதற்குள் ஓரம் கிழிந்துவிடும். பிளாஸ்டிக் உறை எனக்குப் பிடிப்பதில்லை; பழைய மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் எவ்வளவோ மேல். 2012-13இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வருடப் பாடத்தை மூன்றாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபின் சின்ன வகுப்புகளுக்குப் புத்தகம் மெலிந்தது, பிள்ளைகளின் பைச் சுமையும் குறைந்தது. எனக்கோ வருடத்தில் மூன்று தடவை இந்தச் சந்தோஷம். லேபிளில் பெயரை மட்டும் பிள்ளையையே எழுத விடுங்கள்; கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.