காலில் இறங்கும் வலி: முதுகிலிருந்தா, நரம்பு மண்டலத்திலிருந்தா?

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை சுமந்தவர்கள், ஃபோர்ட் கொச்சி டோபிகானாவில் நாள் முழுக்க நின்று துவைத்தவர்கள், கடையில் உட்கார்ந்தே கணக்கெழுதியவர்கள் என்று நம்மில் பலருக்கும் பழகிப்போன வாசகம் ஒன்று உண்டு: "இடுப்பிலிருந்து கால் வரைக்கும் நரம்பு இழுக்குது." இதைக் கேட்டதும் பக்கத்து வீட்டுக்காரர்கூட "ஜவ்வு விலகியிருக்கும்" என்று தீர்ப்பு சொல்லிவிடுவார். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கும். ஆனால் சிலருக்குக் கோளாறு முதுகில் இராது. மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (சுருக்கமாக எம்.எஸ்.) அவற்றுள் ஒன்று. இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே இன்றைய பாடம்.

இரண்டு வலிகள், இரண்டு காரணங்கள்

நரம்பு மண்டலத்தை மின்சார இணைப்புக்கு ஒப்பிடலாம். மூளையும் தண்டுவடமும் தலைமை நிலையம். முதுகெலும்பின் இடைவெளிகள் வழியே வெளிவரும் நரம்பு வேர்கள், கைகால்களுக்குச் செல்லும் கம்பிகள்.

முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி, இடுப்புப் பகுதி நரம்பு வேரை அழுத்தும்போது வருவது சயாட்டிகா. ஆயுர்வேதத்தில் இதற்குக் கிருத்ரசி என்று பெயர். வலிக்கும் காலை இழுத்து நடப்பது கழுகின் நடையை ஒத்திருப்பதால் வந்த பெயர் என்பார்கள். இத்தாலிய மருத்துவர் கொதூஞ்ஞோ 1764இலேயே இது மூட்டு நோயன்று, நரம்பு நோய் என்று பிரித்துக் காட்டினார். டிஸ்க் பிதுக்கமே முக்கியக் காரணம் என்பதை 1934இல் அமெரிக்க மருத்துவர்கள் மிக்ஸ்டர், பார் இருவரும் நிலைநாட்டினர்.

எம்.எஸ். நோயில் நடப்பது வேறு. கம்பியின் மேலுள்ள உறையைப் போல நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே தவறுதலாக அந்த உறையைத் தாக்குகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே தழும்புகள் உண்டாகின்றன. 1868இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ இந்நோயைத் தெளிவாக விவரித்தார். உறை போன இடத்தில் செய்தி தடம் மாறுகிறது. காலில் புண்ணோ அடியோ இல்லாமலேயே "கால் எரிகிறது" என்று மூளை உணர்கிறது. காலைத் தேய்த்தாலும் இடுப்பை நீவினாலும் இந்த வலி அடங்காததற்கு இதுவே காரணம்.

ஐந்து கேள்விகள்

1. வலி எந்த வழியில் ஓடுகிறது? சயாட்டிகா வலி பெரும்பாலும் ஒரு காலில், ஒரு கோடு போட்டாற்போல் இறங்கும். ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர் அழுந்தினால் கெண்டைக்காலின் வெளிப்புறம் வழியாகப் புறங்கால், கட்டைவிரல் வரை போகும். அதற்கு அடுத்த வேர் அழுந்தினால் பின்தொடை, கெண்டைச்சதை வழியாகச் சுண்டுவிரல் வரை போகும். எம்.எஸ். வலிக்கு இந்தக் கோடு கிடையாது. இரண்டு கால்களிலும் வரலாம், திட்டுத்திட்டாக வரலாம், மார்பையோ வயிற்றையோ கச்சை கட்டி இறுக்கியதுபோலவும் இருக்கலாம்.

2. எதனால் கூடுகிறது? குனிந்தால், பாரம் தூக்கினால், வெகுநேரம் உட்கார்ந்தால், இருமினால், தும்மினால் வலி சுண்டியிழுத்தால் சந்தேகம் முதுகின் மேல்தான். எம்.எஸ். வலி அசைவைப் பொறுத்ததன்று. சும்மா படுத்திருக்கும்போதும் எரியும், இரவில் கூடும். உடல் சூடேறினால் எம்.எஸ். தொல்லைகள் தற்காலிகமாக அதிகமாவதை 1890இல் ஜெர்மானிய மருத்துவர் ஊட்ஹாஃப் பதிவு செய்தார். நம் ஊர் ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் பார்வை மங்குவதும் கால் துவளுவதும், குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்தால் தெளிவதும் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்திகள்.

3. கழுத்தைக் குனிந்தால் என்ன ஆகிறது? முகவாய் மார்பில் படும்படி குனிந்தால் முதுகுத்தண்டு வழியே மின்சாரம் பாய்ந்ததுபோல் இருந்தால் அதற்கு லேர்மித் அறிகுறி என்று பெயர். கழுத்துத் தண்டுவடத்தில் ஏதோ கோளாறு என்பதற்கு அது அடையாளம். எம்.எஸ். நோயில் இது அடிக்கடி வரும். கழுத்தெலும்புத் தேய்மானத்திலும் பி12 வைட்டமின் குறைவிலும்கூட வரும்.

4. வலியோடு வேறென்ன உண்டு? ஒரு கண்ணில் நோவோடு பார்வை மங்குதல், பொருள் இரண்டாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம், காரணமற்ற பெருஞ்சோர்வு, சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவற்றில் ஏதேனும் முன்பு எப்போதாவது வந்து, சில வாரங்களில் தானாக மறைந்ததா? டிஸ்க் பிதுக்கம் கண்ணை மங்கச் செய்யாது.

5. வயதும் கால அளவும் என்ன? எம்.எஸ். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். ஒரு தாக்குதல் சில நாட்களில் வளர்ந்து, வாரக்கணக்கில் நீடித்துத் தணியும். சயாட்டிகா பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் நன்கு குறைந்துவிடும்.

நாலாவது கேள்வியின் அருமையை ஒரு பழைய நாட்குறிப்பு காட்டுகிறது. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் டி எஸ்டே, 1822இல் திடீரென்று பார்வை மங்கி, கடிதங்களைப் பிறரைக் கொண்டு படிக்கச் செய்ய நேர்ந்ததை எழுதி வைத்தார். பார்வை திரும்பியது. 1827இல் பொருள்கள் இரண்டாகத் தெரிந்தன. பின்னர் கால்கள் தளர்ந்தன. 1848இல் இறந்தார். நோய்க்குப் பெயரே வைக்கப்படாத காலம் அது. தனித்தனியாகப் பார்த்தால் கண் நோய், கால் நோய் என்று தோன்றுபவற்றை ஒரே குறிப்பேட்டில் வரிசையாகப் படித்தபோதுதான் அது எம்.எஸ். என்று பிற்கால மருத்துவர்களுக்குப் புலப்பட்டது.

மருத்துவர் செய்யும் சோதனை

மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்துவார். 30 முதல் 70 பாகைக்குள் வலி முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால் நரம்பு வேர் அழுந்தியிருக்கலாம். அடுத்து முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் சிறு சுத்தியலால் தட்டுவார். நரம்பு வேர் அழுந்தினால் காலின் துள்ளல் குறையும். மூளையிலோ தண்டுவடத்திலோ கோளாறு இருந்தால் துள்ளல் மிகும். உள்ளங்காலைக் கீறும்போது கட்டைவிரல் மேல்நோக்கி எழும். பின்னதை 1896இல் பபின்ஸ்கி கண்டறிந்தார்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பெரியவர்களுக்குத் தண்டுவடம், முதலாம் இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள்தாம் உள்ளன. எனவே அடி இடுப்பு டிஸ்க் எவ்வளவு பிதுங்கினாலும் துள்ளல் மிகுவதற்கு அது காரணமாக முடியாது. அத்தகையவருக்கு இடுப்பை மட்டும் ஸ்கேன் செய்து நிறுத்துவது போதாது. கழுத்தையும் மூளையையும் பார்க்க வேண்டியிருக்கும்.

மறுபக்கமும் உண்டு. 1994இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 52 சதவீதத்தினருக்கு ஏதாவது ஓரிடத்தில் டிஸ்க் புடைத்திருந்தது. ஆகவே படத்தில் பிதுக்கம் தெரிந்ததாலேயே காரணம் அகப்பட்டுவிட்டது என்று கொள்வதற்கில்லை. ஒருவருக்கு இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

பதற்றம் வேண்டாம், தாமதமும் வேண்டாம்

நம் நாட்டில் எம்.எஸ். பரவலான நோய் அன்று. இரண்டு பாதங்களும் எரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையும் பி12 அளவும்தான். நடந்தால் கால் கடுத்து, முன்னால் குனிந்து நின்றால் தேறுவது முதியோரின் முதுகெலும்புக் கால்வாய் குறுக்கமாக இருக்கலாம்.

ஆனால் பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போதல், சிறுநீர் வராமலோ தானாகவோ போதல், கால் வேகமாகச் செயலிழத்தல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை செல்லவேண்டும். உழிச்சிலுக்கோ சுளுக்கு எடுக்கவோ போகும் நேரம் அதுவன்று. காய்ச்சல், எடை குறைதல், இரவில் ஓயாத முதுகுவலி ஆகியவை காசநோய் போன்றவற்றைக் குறிக்கலாம்.

பிரித்தறிவதால் என்ன பயன்? சாதாரண வலி மாத்திரைகள் எம்.எஸ். நரம்பு வலிக்குப் பெரிதும் உதவுவதில்லை. அதற்கு கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற வேறுவகை மருந்துகள் உள்ளன. மேலும் 1993இல் முதல் இன்டர்ஃபெரான் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது முதல், தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் பல வந்துள்ளன. அவை நோயை அடியோடு போக்குவதில்லை. இழந்ததை முழுதும் மீட்பதுமில்லை. ஆகவே "முதுகுதானே" என்று ஆண்டுகளைக் கழிப்பது பெரு நஷ்டம்.

மருத்துவரிடம் சொல்லும் மொழி

நம் வீட்டில் வலியைத் தமிழில் உணர்ந்து, மருத்துவரிடம் மலையாளத்தில் சொல்கிறோம். இடையில் செய்தி தவறிவிடக்கூடாது. "வலி" என்றால் மலையாளத்தில் இழுத்தல், இழைப்பு என்றும் பொருள்படும். "வேதன" என்று சொல்லுங்கள். இடுப்பு வலி "நடுவேதன". மரத்துப்போவது "மரவிப்பு", ஊசி குத்துவதுபோல் சுறுசுறுவென்று இருப்பது "தரிப்பு", எரிச்சல் "புகச்சில்", குடைச்சல் "கடச்சில்", பலம் குறைவது "பலக்குறவு". இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு செய்தி. எல்லாவற்றையும் "வேதன" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் மருத்துவர் முதுகை மட்டுமே பார்ப்பார்.

போகும்முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எந்த வழியில் ஓடுகிறது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, கண், நடை, சிறுநீர் தொடர்பாக முன்பு ஏதேனும் வந்து மறைந்ததா, என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள். நோய் உறுதியானவர்களுக்கு 1985இல் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கம் வழிகாட்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 21 குறைபாடுகளில் இந்நோயும் ஒன்று. ஆகவே உரிய சான்றிதழ் பெற விண்ணப்பிக்கலாம்.

இப்பாடம் நோயைத் தாமே தீர்மானிப்பதற்கன்று. மருத்துவர் முன் அமரும்போது சரியானதைச் சொல்வதற்கு. வீட்டில் எவரேனும் "கால் எரியுது, மரத்துப் போகுது" என்று சொன்னால், தைலத்தை எடுக்குமுன் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.