கோடு விழுந்த திரை

பெங்களூரில் ஒரு சிறிய கடை. அக்காவும் தம்பியும் அதை நடத்துகிறார்கள். கல்யாணப் பத்திரிகை, பேனர் ஆகியவற்றைக் கம்ப்யூட்டரில் வடிவமைத்துத் தருகிறார்கள். தமிழிலும் செய்வார்கள். கன்னடத்திலும் செய்வார்கள்.

கம்ப்யூட்டர் வேலை தம்பியுடையது. வரவு செலவு அக்காவுடையது. அக்கா சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. 35 வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றார். இப்போது கணக்கு நோட்டை அவரே எழுதுகிறார்.

ஒரு நாள் காலை தம்பி கம்ப்யூட்டரைப் போட்டான். திரை முழுவதும் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள். எழுத்து எதுவும் தெரியவில்லை. மறுநாள் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். முன்பணமும் வாங்கியாகிவிட்டது.

தெரிந்த ஒருவர் வந்து பார்த்தார். “கம்ப்யூட்டர் போயிடுச்சு. புதுசா வாங்கிடுங்க. 40,000 ரூபாய் ஆகும்” என்றார்.

தம்பிக்கு முகம் வாடிவிட்டது. “கடன்தான் வாங்கணும் அக்கா” என்றான்.

“எது கெட்டுப்போச்சுன்னே தெரியாம கடன் எதுக்குடா? முதல்ல ஒவ்வொண்ணாப் பார்ப்போம். நீ சொல்லு, நான் எழுதிக்கறேன்” என்றார் அக்கா.

படம் எப்படி வருகிறது?

திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது. பல மானிட்டர்களில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. ஒரு நொடியில் 60 முறை படம் புதிதாக வரையப்படுகிறது. எந்தப் புள்ளிக்கு எந்த நிறம் என்று சொல்லும் பலகைதான் கிராஃபிக்ஸ் கார்டு. அது பெட்டிக்குள் மதர்போர்டில் செருகப்பட்டிருக்கும். அங்கிருந்து ஒயர் வழியாகப் படம் மானிட்டருக்கு வருகிறது.

ஆகவே கோளாறு மூன்று இடங்களில் இருக்கலாம். மானிட்டரில் இருக்கலாம். ஒயரில் இருக்கலாம். கார்டில் இருக்கலாம்.

அக்கா நோட்டில் எழுதியது

1. மானிட்டர் ஒயரைக் கழற்றினோம். மானிட்டர் ‘சிக்னல் இல்லை’ என்று காட்டியது. அந்த எழுத்தில் கோடு இல்லை. மானிட்டர் நன்றாக இருக்கிறது.

2. பக்கத்துக் கடையிலிருந்து வேறு ஒயர் வாங்கி மாட்டினோம். கோடு போகவில்லை. ஒயரில் குறை இல்லை.

3. கம்ப்யூட்டரை மறுபடி போட்டோம். விண்டோஸ் வருவதற்கு முன்பே, கம்பெனி பெயர் வரும்போதே கோடு விழுகிறது. அதனால் விண்டோஸில் குறை இல்லை.

4. மின்சாரத்தை நிறுத்தினோம். பிளக்கைப் பிடுங்கினோம். பெட்டியைத் திறந்தோம். கார்டின் விசிறியில் தூசி இருந்தது. துடைத்தோம். கார்டைக் கழற்றி, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்தோம். ரப்பர்த் தூளைத் தட்டிவிட்டு அழுத்திச் செருகினோம். போட்டுப் பார்த்தோம். கோடு போகவில்லை.

5. மறுபடி பிளக்கைப் பிடுங்கி, கார்டை எடுத்துவிட்டோம். மானிட்டர் ஒயரை மதர்போர்டிலேயே இருக்கும் துளையில் மாட்டினோம். படம் தெளிவாக வந்தது!

“அக்கா, கார்டு மட்டும்தான் கெட்டிருக்கு. கம்ப்யூட்டர் நல்லா இருக்கு!” என்றான் தம்பி.

சில கம்ப்யூட்டர்களில் கார்டு இல்லாமலே படம் வரும். சிலவற்றில் வராது. இவர்களுடையதில் வந்தது. வேலை கொஞ்சம் மெதுவாக நடந்தது. ஆனாலும் அன்று இரவே பத்திரிகை வேலை முடிந்தது.

பில் சொன்ன செய்தி

புதிய கார்டு என்ன விலை என்று தம்பி விசாரிக்கப் போனான். அக்கா பழைய பில்லைத் தேடி எடுத்தார். அந்தக் கார்டை எஸ்.பி. ரோட்டில் வாங்கியிருந்தார்கள். பில்லை எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘வாரண்டி 3 வருடம்’ என்று இருந்தது. வாங்கிய தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். 2 வருடம் 4 மாதம்தான் ஆகியிருந்தது.

“டேய், எட்டு மாசம் பாக்கி இருக்குடா!” என்றார்.

இருவரும் பில்லையும் கார்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்குப் போனார்கள். கார்டில் ஒட்டியிருந்த எண்ணைக் கடைக்காரர் சரிபார்த்தார். நோட்டையும் படித்தார். “எல்லாத்தையும் பார்த்துட்டே வந்திருக்கீங்க அம்மா” என்றார். மூன்று வாரத்தில் வேறு கார்டு வந்தது. பணம் எதுவும் கேட்கவில்லை.

40,000 ரூபாய் கடன் மிச்சம். மிச்சம் பிடித்துக் கொடுத்தது ஒரு பில்லும் ஒரு நோட்டும்.

கவனம்!

• பிளக்கைப் பிடுங்காமல் பெட்டியைத் திறக்காதீர்கள்.
• கார்டைத் தொடும் முன் பெட்டியின் இரும்பைத் தொடுங்கள். நம் உடம்பில் உள்ள நிலை மின்சாரம் கார்டைக் கெடுக்கலாம்.
• மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும்.
• கார்டில் ஒட்டியுள்ள சீட்டைக் கிழிக்காதீர்கள். கிழித்தால் வாரண்டி கிடைக்காமல் போகலாம்.

பதில் சொல்லுங்கள்

1. மானிட்டரில் குறை இல்லை என்று எப்படித் தெரிந்தது?
2. அக்கா ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதியதால் என்ன பயன்?
3. உங்கள் வீட்டில் மிக்ஸி, டி.வி., செல்போன் பில்கள் எங்கே இருக்கின்றன? எடுத்து வந்து, வாங்கிய தேதியையும் வாரண்டியையும் படித்துச் சொல்லுங்கள்.