வாசலுக்கு வரும் காய்கறி: சிறு உழவர் போட வேண்டிய கணக்கு

காய்கறி வாங்கப் பையை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போன காலம் மாறி, கைபேசியில் கேட்டால் காய்கறியும் மளிகையும் வீட்டு வாசலுக்கே வந்து சேரும் காலம் வந்துள்ளது. இவ்வணிகத்தில் ஈடுபட்டுள்ள நிறுவனங்கள் பல, விளையும் பகுதிகளில் கொள்முதல் மையங்களை அமைத்து உழவரிடமிருந்து நேரடியாகவே காய்களை வாங்குகின்றன. "மண்டி விலையைவிடக் கிலோவுக்கு ஐந்தாறு ரூபாய் கூடுதல்" என்ற பேச்சைக் கேட்டதும் நம் மனம் அங்கே ஓடுவது இயல்பே. ஆனால் சாத்தூர் வட்டாரக் கரிசல் நிலத்தில், கிணற்று நீரை நம்பிப் பத்து இருபது சென்டில் வெண்டையும் கத்தரியும் வெள்ளரியும் பயிரிடும் சிறு உழவருக்கு இது இலாபமா, நட்டமா? கிலோ விலையை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல இயலாது. பறித்த காய் முழுவதற்கும் கைக்கு வந்த தொகை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அந்தக் கணக்கைப் போடும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

பழைய பழக்கம், புதிய முறை

வாசலுக்கே பொருள் வருவது நமக்குப் புதிதன்று. கீரைக் கூடையும் மோர்ப் பானையும் உப்பு வண்டியும் தெருத்தெருவாக வந்தவைதான். பெயர் பெற்ற சாத்தூர் வெள்ளரிப் பிஞ்சு, பேருந்து மற்றும் இரயில் பயணிகளின் ஜன்னலுக்கே கொண்டு சென்று விற்கப்பட்ட பொருள். அன்று விற்றவரும் வாங்கியவரும் முகம் பார்த்துப் பேசினர். இன்று இருவருக்கும் நடுவில் ஒரு நிறுவனம் நிற்கிறது.

பெங்களூரில் 2011ஆம் ஆண்டு தொடங்கிய பிக்பாஸ்கெட், வீடுகளுக்கு மளிகையும் காய்கறியும் கொண்டு சேர்க்கும் நிறுவனமாகும். அதே நகரில் 2015ஆம் ஆண்டு தொடங்கிய நிஞ்சாகார்ட், உழவரிடம் காய் வாங்கிக் கடைகளுக்குக் கொடுக்கும் முறையில் வளர்ந்தது. கொரோனா பெருந்தொற்றின்போது இப்பழக்கம் நம் மாநிலத்தில் விரைந்து பரவியது. 2021ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் தொடங்கிய முழு ஊரடங்கில், தோட்டக்கலைத் துறை உள்ளாட்சி அமைப்புகளுடன் சேர்ந்து வண்டிகள் மூலம் தெருக்களுக்கே காய்கறிகளைக் கொண்டு சென்றதை நீங்கள் அறிவீர்கள்.

நிறுவனம் தரம் பார்ப்பது ஏன்?

கடைக்கு வரும் இல்லத்தரசி வெண்டையின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார், முற்றியதை ஒதுக்குகிறார், வளைந்ததை விலை குறைத்துக் கேட்கிறார். கைபேசியில் வாங்குபவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர் பார்ப்பது படத்தை மட்டுமே. வந்த காய் படத்தைப் போல் இல்லையென்றால் அவர் பணத்தைத் திரும்பக் கேட்பார். அந்த நட்டம் தன் தலையில் விழாமல் இருக்க, நிறுவனம் கொள்முதல் மையத்திலேயே நீளம், நிறம், வளைவு, புழுத்துளை ஆகியவற்றைப் பார்த்துக் கழிக்கிறது. வாங்குபவர் தம் வீட்டில் செய்யாத தேர்வை உழவரின் சுமையில் நிறுவனம் செய்கிறது என்பதே உண்மை. கூடுதல் விலை இந்தத் தேர்வில் தேறிய காய்களுக்கு மட்டுமே கிடைக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு பறிப்பில் 100 கிலோ வெண்டைக்காய் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகளும் செலவுகளும் முறையைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் வழி, மண்டி. எல்லாக் காயும் கலந்து கிலோ 20 ரூபாய் வீதம் 2,000 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து வீதம் 200 ரூபாய். வண்டி வாடகை, ஏற்றுக்கூலி 150 ரூபாய். கைக்கு வருவது 1,650 ரூபாய்.

இரண்டாம் வழி, நிறுவனம். விலை கிலோ 26 ரூபாய். ஆனால் 60 கிலோ மட்டுமே தேறுகிறது. அதற்கு 1,560 ரூபாய். கழித்த 40 கிலோவைத் திருப்பி எடுத்து வந்து, வெயிலேறிய பின் உள்ளூரில் கிலோ 8 ரூபாய்க்கு விற்றால் 320 ரூபாய். மொத்தம் 1,880 ரூபாய். இதில் தரம் பிரிக்கும் கூலி 150 ரூபாய், மையம் வரை வண்டிச் செலவு 120 ரூபாய் போக, கைக்கு வருவது 1,610 ரூபாய்.

கிலோவுக்கு 6 ரூபாய் கூடுதல் விலை கிடைத்தும், மண்டியைவிட 40 ரூபாய் குறைவாகவே வந்தது! ஆனால் அதே சுமையில் 80 கிலோ தேறினால் 2,080 ரூபாயும், கழிவுக்கு 160 ரூபாயும் கிடைத்து, செலவு போக 1,970 ரூபாய் கைக்கு வரும். மண்டியைவிட இது 320 ரூபாய் அதிகம். இக்கணக்கின்படி 63 கிலோ அல்லது அதற்கு மேல் தேறினால்தான் நிறுவனம் இலாபம். அதற்குக் கீழே மண்டியே மேல். ஆகவே "கிலோ என்ன விலை?" என்று கேட்குமுன் "என் காயில் நூற்றுக்கு எத்தனை கிலோ தேறும்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நன்மைகள்

1. எடை மின்னணுத் தராசில் போடப்படுகிறது. பணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் சேர்கிறது. கமிஷன் பிடித்தம் இல்லாத மையங்களில் கணக்குத் தெளிவாக இருக்கும்.

2. விலையை முன்னரே தெரிவிக்கும் மையங்களில், பறிப்பதா வேண்டாமா என்பதை உழவரே முடிவு செய்யலாம்.

3. மையம் அருகில் இருந்தால் நள்ளிரவில் சுமையுடன் நகரத்திற்குப் போய்க் காத்திருக்கும் சிரமம் குறையும்.

4. தரத்திற்கு விலை உண்டு என்பதால் நல்ல சாகுபடி முறைகளுக்குப் பலன் கிடைக்கிறது.

தீமைகள்

1. கழிவுக் காயின் நட்டம் முழுவதும் உழவரைச் சேர்கிறது.

2. வரத்து மிகுந்த நாளில் கொள்முதல் அளவு குறைக்கப்படலாம். செடியில் காய் நிற்காது. ஒரு நாள் தாமதித்தாலும் வெண்டை நார் பாய்ந்துவிடும்.

3. நிறுவனம் நிலையானது என்று எண்ண இயலாது. வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் செலவே இவ்வணிகத்தின் பெரும் சுமை. அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டு இவ்வகையில் பெருமுதலீட்டுடன் மளிகை கொடுக்கத் தொடங்கிய வெப்வான் நிறுவனம் 2001ஆம் ஆண்டே மூடப்பட்டது. பெங்களூரில் தோன்றிய டன்சோ 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நின்றுபோனது.

4. பழகிய மண்டி வியாபாரியிடம் தொடர்பு அறுந்தால், நெருக்கடி நேரத்தில் காயைப் போட வேறு இடம் இராது.

இந்தக் கடைசிக் குறை மண்டிக்கும் பொருந்தும். 2020ஆம் ஆண்டு மே மாதம் நோய்த்தொற்றால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்தோர் காயை எங்கே கொண்டு போவது என்று திகைத்தனர். எந்த வாசலாக இருந்தாலும் ஒரே வாசலை நம்புவது ஆபத்து.

நாமே கொண்டு சேர்த்தால்?

மூன்றாவது வழியும் உண்டு. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை பகுதிகளில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்களில் ஆணும் பெண்ணும் வேலைக்குப் போகும் வீடுகள் ஏராளம். மாலையில் களைத்து வரும் பெண்களுக்குச் சந்தைக்குப் போக நேரம் இல்லை. இவ்வீடுகளுக்கு வாரம் இருமுறை காய்கறிப் பை கொண்டு சேர்க்கலாம்.

அதே 100 கிலோவில் 40 கிலோவை வீடுகளுக்குக் கிலோ 32 ரூபாய்க்குக் கொடுத்தால் 1,280 ரூபாய். வளைந்த காயானாலும் இளசாக இருந்தால் குழம்புக்குக் குறைவில்லை என்பதை நேரில் சொல்லி விற்கலாம் என்பதால், காயைக் கடுமையாகக் கழிக்க வேண்டியதில்லை. மீதி 60 கிலோ மண்டியில் கமிஷன் போக 1,080 ரூபாய். மொத்தம் 2,360 ரூபாய். மண்டிக்கு வண்டி 150 ரூபாய். வீடுகளுக்குப் போய்வரப் பெட்ரோலும் பையும் 200 ரூபாய், அரை நாள் கூலி 300 ரூபாய். தனி ஆளாகச் செய்தால் கைக்கு வருவது 1,710 ரூபாய்தான். அரை நாள் அலைச்சலுக்கு மண்டியைவிட 60 ரூபாயே மிச்சம். உழவர் தம் கூலியைக் கணக்கில் சேர்க்காததால்தான் இவ்வழி பெரிய இலாபமாகத் தோன்றுகிறது.

வெவ்வேறு காய் பயிரிடும் ஐந்து பேர் ஒன்று சேர்ந்தால் நிலைமை மாறும். ஆளுக்கு 40 கிலோ வீதம் 200 கிலோவை, நான்கு கிலோ பைகளாக 50 வீடுகளுக்கு ஒரே சுமை ஆட்டோவில் கொண்டு போகலாம். ஆட்டோ, பை, ஓர் ஆள் கூலி எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய் என்றால் ஒருவர் பங்கு 200 ரூபாய். அப்போது வெண்டை உழவரின் கைக்கு 2,010 ரூபாய் வரும். வாங்குபவருக்கும் ஒரே பையில் ஐந்து வகைக் காய் கிடைக்கும்.

இதிலும் எச்சரிக்கை தேவை. 300 ரூபாய் கடனில் நின்றுவிட்டால் 2,010 என்பது 1,710 ஆகிவிடும். எனவே பையைக் கொடுக்கும்போதே பணம் பெறும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்துங்கள். முத்திரையிட்ட தராசையே பயன்படுத்துங்கள். தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும். அப்போது வீடுகளில் பணப்புழக்கம் குறையும். அக்காலத்திற்கு உழவர் சந்தையை நம்புங்கள். 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரையில் முதன்முதலாகத் தொடங்கிய உழவர் சந்தைகளில் கமிஷன் இன்றி நேரடியாக விற்கலாம்.

தரத்தை வயலிலேயே கூட்டுங்கள்

எந்த வழியில் விற்றாலும், தேறும் காயின் அளவைக் கூட்டுவதே உழவர் கையில் உள்ள இலாபம். அதற்குக் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

• இருபது சென்டையும் ஒரே நாளில் விதைக்காமல், ஐந்து சென்ட் வீதம் 15 நாள் இடைவெளியில் விதையுங்கள். வரத்து சீராக இருக்கும்.

• வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் தவறாமல் பறியுங்கள். காலை வெயில் ஏறுமுன் பறித்து உடனே நிழலில் பரப்புங்கள்.

• காய்த்துளைப்பானால் தாக்கப்பட்ட காய்களை அவ்வப்போது பறித்து அழியுங்கள். மஞ்சள் நரம்புத் தேமல் கண்ட செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கிவிடுங்கள்.

• மருந்து தெளித்தால், சிப்பத்தின் மேல் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்த பின்னரே பறியுங்கள். இது விலைக்காக மட்டுமன்று; உண்பவரின் உயிர்நலனுக்காக.

• சாக்கில் திணிக்காமல், காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் கூடைகளில் அடுக்குங்கள். ஈரக் காயை அடைக்காதீர்கள்.

• வெள்ளரிப் பிஞ்சையும் வெண்டையையும் பனிக்கட்டியில் வைக்காதீர்கள். மிகு குளிர்ச்சியால் தோலில் பள்ளம் விழுந்து கெடும்.

• மாலையில் பறித்ததை மறுநாள் வரை வைக்க, செங்கல்லால் இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் ஆற்று மணலை நிரப்பி, காலை மாலை நீர் தெளித்து வரும் குளிர்ப்பெட்டியை அமைக்கலாம். மின்சாரம் தேவையில்லை. நம் பகுதியின் வறண்ட வெயிலில் இது நன்கு குளிர்ச்சி தரும்.

சேருமுன் கேட்க வேண்டியவை

தரம் என்ன என்பதை எழுத்தில் தருவார்களா? எடை போட்டதும் இரசீது உண்டா? பணம் எத்தனை நாளில் வரும்? கொள்முதல் இல்லாத நாளை முதல் நாளே தெரிவிப்பார்களா? கழித்த காயை உடனே திருப்பித் தருவார்களா? இவ்வைந்துக்கும் தெளிவான பதில் கிடைத்த பின்னரே காயைக் கொண்டு செல்லுங்கள். பணம் ஒரு வாரத்திற்கு மேல் நிலுவையில் நின்றால் அடுத்த சுமையை அனுப்பாதீர்கள்.

முடிவுரை

உழவர் பெருமக்களே! நிறுவனத்தில் சேர எண்ணுவோர், அதற்கு முன் நான்கு பறிப்புகளில் ஒரு சோதனை செய்து பாருங்கள். பறித்த காயை வீட்டு நிழலிலேயே, நிறுவனம் சொல்லும் தரப்படி இரண்டாகப் பிரியுங்கள். நல்லது எத்தனை கிலோ, கழிவு எத்தனை கிலோ என்று நிறுத்து நோட்டில் எழுதுங்கள். அதன்பின் மேலே கண்ட கணக்கைப் போடுங்கள். கணக்கு இலாபம் காட்டினால் விளைச்சலில் ஒரு பகுதியை நிறுவனத்திற்குக் கொடுங்கள். மறு பகுதியை மண்டிக்கோ, உழவர் சந்தைக்கோ, வீடுகளுக்கோ ஒதுக்குங்கள். கணக்கு நட்டம் காட்டினால், குறை வயலில் எங்கே என்று கண்டு அதை முதலில் திருத்துங்கள். நாலு பறிப்புக் கணக்கு எழுதிய நோட்டு கையில் இருந்தால், எந்த வாசலில் நின்றும் நீங்கள் விலை பேசலாம்.