உங்கள் வயது என்ன? சரியாகச் சொல்லுங்கள் பார்ப்போம்!



"உனக்கு என்ன வயசு?" என்று கேட்டால் "பதினாலு" என்று சட்டென்று சொல்லிவிடுவோம். ஆனால் எத்தனை வருடம், எத்தனை மாதம், எத்தனை நாள் என்று கேட்டால் முழிப்போம். நானும் முழித்தவள்தான். எங்க ஆச்சியால்தான் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டேன். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் பாடம்.

வயது கணக்கிடும் முறை

கழித்தல் தெரிந்தால் போதும். நாளுக்கு நேர் நாள், மாதத்துக்கு நேர் மாதம், வருடத்துக்கு நேர் வருடம் எழுதி, நாளில் இருந்து கழித்துக்கொண்டு வர வேண்டும்.

நம்ம ஊர் துறைமுகத்துக்கே பெயர் தந்த கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாரை எடுத்துக்கொள்வோம். ஒட்டப்பிடாரத்தில் 5-9-1872 அன்று பிறந்தார். தூத்துக்குடியில் 18-11-1936 அன்று மறைந்தார்.

நாள்: 18 − 5 = 13
மாதம்: 11 − 9 = 2
வருடம்: 1936 − 1872 = 64

அவர் வாழ்ந்தது 64 வருடம், 2 மாதம், 13 நாள்.

இதே முறையில் இன்னும் இரண்டு கணக்கு போட்டேன். சுதேசி நாவாய்ச் சங்கம் 16-10-1906 அன்று பதிவு செய்யப்பட்டபோது அவருக்கு வயது 34 வருடம், 1 மாதம், 11 நாள். வெள்ளைக்காரர்கள் அவரை 12-3-1908 அன்று கைது செய்தபோது 35 வருடம், 6 மாதம், 7 நாள். வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர் அவ்வளவு இளவயதுக்காரர் என்பது கணக்குப் போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. படத்தில் மீசையைப் பார்த்து ரொம்பப் பெரியவர் என்று நினைத்திருந்தேன்!

மொத்தம் எத்தனை நாள்?

64 வருடம் × 365 = 23,360. இதோடு லீப் வருட நாட்களைக் கூட்ட வேண்டும். 1876 முதல் 1936 வரை நாலு நாலாக எண்ணினால் 16 வரும். நான் 16 என்றே போட்டேன். எங்க கணக்கு சார் பார்த்துவிட்டு, "1900-ஐ ஏம்மா சேர்த்தே?" என்று கேட்டார். நூறால் வகுபடும் வருடம் 400-ஆலும் வகுபட்டால்தான் லீப் வருடமாம். அதனால் 2000 லீப் வருடம், 1900 இல்லை. ஆகவே 15 நாள்தான்.

23,360 + 15 = 23,375. செப்டம்பர் 5-இல் இருந்து நவம்பர் 18 வரை 25 + 31 + 18 = 74 நாள். மொத்தம் 23,449 நாட்கள்.

சரிபார்ப்பது எப்படி? 7-ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி 6 வரும். அவர் பிறந்தது வியாழக்கிழமை. வியாழனில் இருந்து 6 நாள் தள்ளினால் புதன். அவர் மறைந்த கிழமையும் புதன்தான். விடை சரி!

பிறந்தநாள் துணுக்குகள்

• வ.உ.சி. பிறந்த செப்டம்பர் 5-ஐத்தான் நாம் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். டாக்டர் ராதாகிருஷ்ணனின் பிறந்தநாளும் அதுவே.
• தூத்துக்குடி துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது 11-7-1974. அதுவும் வியாழக்கிழமை! துறைமுகத்துக்கு வ.உ.சி. பெயர் வைத்தது 2011-இல்.
• எட்டயபுரத்தில் பாரதியார் பிறந்தது 11-12-1882, திங்கட்கிழமை. வ.உ.சி. அவரைவிட 10 வருடம், 3 மாதம், 6 நாள் மூத்தவர்.

இப்போது எங்க ஆச்சி கதை

எங்க ஆச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. கடற்கரையில் மீன் விற்றுத்தான் எங்க அம்மாவை வளர்த்தாங்க. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்தபோது, "உங்களுக்கு இன்னும் 60 ஆகல" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கார்டில் 1-1-1968 என்று இருந்தது. அது யாரோ குத்துமதிப்பாகச் சொல்லி எழுதிய தேதி.

"உங்க பிறந்தநாள் எப்போ ஆச்சி?" என்று கேட்டேன். "ஏட்டி, அதையெல்லாம் யாரு எழுதி வச்சா? புயலுக்கு முன்னாடி, ஒரு புதன்கிழமை பிறந்தேன்னு எங்கம்மா சொல்லுவா" என்றாங்க.

நம்ம கடற்கரையில் பெரியவங்க பலர் இப்படித்தான் சொல்வாங்க. "கடைசி முத்துக்குளிப்பு நடந்தப்போ" என்றால் 1961. "தனுஷ்கோடி புயல்" என்றால் 1964 டிசம்பர் 22 ராத்திரி. "சுனாமி" என்றால் 2004 டிசம்பர் 26. வருடம் மறந்தாலும் கடல் செய்தது மறக்காது.

அம்மாவும் நானும் பங்குக் கோயிலுக்குப் போய் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கக் கேட்டோம். 1964 டிசம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் என்று தெளிவாக இருந்தது. ஆனால் பிறந்த தேதியில் மை ஊறிப்போயிருந்தது. டிசம்பர் என்பது தெரிந்தது. தேதி 10-ஆ, 16-ஆ என்று தெரியவில்லை. இரண்டுமே புயலுக்கு முந்திய தேதிதான்.

நான் நோட்டை எடுத்தேன். 5-8-2025, பனிமய மாதா திருவிழா அன்று செவ்வாய்க்கிழமை. 16-12-1964-இல் இருந்து அந்த நாள் வரை எண்ணினால்:

60 × 365 = 21,900
லீப் நாட்கள் (1968 முதல் 2024 வரை) = 15
16-12-2024-இல் இருந்து 5-8-2025 வரை = 232
மொத்தம் = 22,147

7-ஆல் வகுத்தால் மீதி 6. செவ்வாயில் இருந்து ஆறு நாள் பின்னால் போனால்... புதன்! டிசம்பர் 10 என்று வைத்துப் பார்த்தால் வியாழன் வருகிறது. ஆகவே 16-தான் சரி. ஆச்சியின் அம்மா சொன்ன கிழமை அறுபது வருடம் கழித்தும் பொய்யாகவில்லை.

திருவிழா அன்று ஆச்சியின் வயது:

நாள்: 5-இல் 16 போகாது. முந்தின மாதமான ஜூலையின் 31 நாளைக் கடன் வாங்கணும். 36 − 16 = 20
மாதம்: 7-இல் 12 போகாது. ஒரு வருடம் கடன். 19 − 12 = 7
வருடம்: 2024 − 1964 = 60

60 வருடம், 7 மாதம், 20 நாள். கார்டில் ஆச்சியின் வாழ்க்கையில் 3 வருடமும் 16 நாளும் காணாமல் போயிருந்தது!

(கவனிக்க: கடன் வாங்கும்போது எல்லா மாதத்துக்கும் 30 என்று போடக் கூடாது. முந்தின மாதத்துக்கு எத்தனை நாளோ அதைத்தான் போட வேண்டும்.)

பதிவேட்டின் நகலை வைத்து மறுபடியும் மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரணும். கணக்கு எழுதிய தாளை ஆச்சி மடித்துச் சுருக்குப் பையில் வைத்திருக்காங்க. "எனக்கும் ஒரு பிறந்தநாள் வந்துட்டுட்டி" என்று எல்லோரிடமும் காட்டுறாங்க. 2026 டிசம்பர் 16 புதன்கிழமையே வருகிறது. அன்றைக்குக் கேக் வெட்டுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் பிறந்த தேதி தெரியாத தாத்தாவோ ஆச்சியோ இருப்பாங்க. எந்தப் புயல், எந்தத் திருவிழா, என்ன கிழமை என்று கேட்டு எழுதி வையுங்கள். ஞாபகம் வைத்திருக்கிறவங்க இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

உங்களுக்கு ஒரு கணக்கு: சுனாமி வந்த 26-12-2004 ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் பிறந்தது அதற்கு எத்தனை நாள் கழித்து? என்ன கிழமை? விடை கண்டுபிடித்து வீட்டில் அம்மாவிடம் கேட்டுச் சரிபாருங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி