புற்றுநோய் ஆய்வும் தொடர்ந்த பொருளுதவியும்

மருத்துவமனை எழுப்பப் பொருள் வழங்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். ஆய்வுக்கு வழங்குவோர் மிகச் சிலரே. கட்டடம் கண்முன் நிற்கிறது; ஆய்வின் பயனோ ஆண்டுகள் பல கழிந்தே வெளிப்படுகிறது. ‘இவ்வாண்டு கொடுத்த பணத்திற்கு இவ்வாண்டே விளைவு யாது?’ என வினவுவோர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆய்வின் வரலாறே தக்க விடையாகும்.

காரணம் கண்ட வரலாறு

இந்நோய்க்குப் பாப்பிலோமா வைரஸ் காரணமாகலாம் என்னும் கருத்தை ஜெர்மானிய அறிஞர் ஹெரால்டு சூர் ஹௌசன் 1970களில் முன்வைத்தார். அன்று பலரும் வேறொரு வைரஸையே ஐயுற்றனர். அவர் தளராது ஆராய்ந்தார். அவருடைய குழுவினர் அவ்வைரஸின் 16ஆம் வகையை 1983இலும், 18ஆம் வகையை 1984இலும் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தனர். இந்நோயில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவ்விரு வகைகளாலேயே விளைகிறது. 2006இல் தடுப்பூசி பயன்பாட்டிற்கு வந்தது. 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது. கருத்துக்கும் தடுப்பூசிக்கும் இடையே ஏறத்தாழ 30 ஆண்டுகள்!

திண்டுக்கல் தந்த சான்று

தடுப்பூசி, தொற்று நேருமுன் இடப்படின் நற்பயன் தரும். முன்பே தொற்றுக்கு ஆளான தாய்மார்க்கு வழி யாது? 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கிற்று. 30 முதல் 59 வயதுடைய பெண்களின் கருப்பைவாயில், வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்மையாக மாறும் இடங்களைச் செவிலியர் கண்ணால் கண்டறிந்தனர். 31,000க்கும் மேற்பட்டோர் இச்சோதனைக்கு உட்பட்டனர். 2007இல் முடிவு வெளியாயிற்று: சோதனை வசதி பெற்ற பகுதிகளில் நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. இறப்பு குறைந்ததா என்பதை ஓராண்டில் அறிதல் இயலாது. பல்லாண்டுக் கண்காணிப்பே அதனைக் காட்டவல்லது.

தடைப்பட்டும் தொடர்ந்த ஆய்வு

தடுப்பூசியை இருமுறை இட்டால் போதுமா, மும்முறை வேண்டுமா என அறிய 2009இல் நம் நாட்டில் ஓர் ஆய்வு தொடங்கப்பெற்றது. 2010இல் அரசின் ஆணையால் ஊசியிடுதல் நின்றது. அதனால் பல சிறுமியர் ஒருமுறை மட்டுமே ஊசி பெற்றிருந்தனர். எனினும் ஆய்வாளர் அவர்களைக் கைவிடாது ஆண்டுதோறும் கண்காணித்தனர். ஒருமுறை இட்ட ஊசியும் அவ்விரு வகைத் தொற்று நிலைத்துவிடாமல் ஏறத்தாழ அதே அளவு காக்கிறது என்பது 2021இல் வெளியான பத்தாண்டு முடிவால் புலனாயிற்று. இதனையும் பிற நாட்டுச் சான்றுகளையும் கருதி, இளம் பெண்களுக்கு ஒருமுறை இடுவதும் போதுமானதே என உலக நலவாழ்வு நிறுவனம் 2022இல் ஏற்றது. ஒரே தொகையில் கூடுதலான சிறுமியரைக் காக்கும் வழி ஏழை நாடுகளுக்குத் திறந்தது. 2010இல் பொருளுதவியும் நின்றிருப்பின் இவ்வுண்மைக்கு இந்தியச் சான்று கிட்டியிராது.

நம் கடமை

நோயாளிக்கு இன்று மருந்து வாங்கித் தருதல் பேரறமே. அதனைக் குறைத்து ஆய்வுக்குத் தருக என்பது இதன் கருத்தன்று. ஒருமுறை அள்ளித் தரும் பெருந்தொகையினும் ஆண்டுதோறும் தவறாது வரும் சிறுதொகை ஆய்வுக்கு உறுதி தரும் என்பதை ஈவோர் உணர்தல் வேண்டும். இடையில் நிற்கும் ஆய்வில் செலவான பொருள் மட்டுமன்று, அதில் பங்கேற்ற பெண்களின் ஒத்துழைப்பும் வீணாகும். மாணவச் செல்வங்கள் இத்துறைக்கு வருக. பெரியோர் அவர்தம் முயற்சி முற்றுப்பெறும்வரை துணை நிற்க!