நட்சத்திரம் இல்லாமல் ஒயின் இல்லை

கோவையில் சின்னதாக ஓர் உணவகம் நடத்துகிறேன். சாப்பாட்டோடு பீர், ஒயின் மட்டும் பரிமாற உரிமம் கிடைக்குமா?
— வாசகர், கோவை

கிடைக்காது. தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டு மதுபான உரிம விதிகளின்படி எஃப்.எல்.3 என்ற உரிமம் நட்சத்திர ஹோட்டல்களுக்கு, எஃப்.எல்.2 என்ற உரிமம் கிளப்புகளுக்கு. உங்களைப் போன்ற தனி உணவகத்துக்கென ஒரு பிரிவே கிடையாது. ‘ஆளைப் பிடித்து வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது வந்தால், ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ஆசை விடவில்லையா? மேலே அறைகள் கட்டுங்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் நட்சத்திரத் தகுதிக்குக் குறைந்தது 10 அறைகள் வேண்டும். அதற்குப் பிறகுதான் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கதவைத் தட்டலாம்.

வாடிக்கையாளரே பாட்டிலோடு வந்தால்? கண்டுகொள்ளாமல் இருந்துவிடாதீர்கள். உரிமமில்லாத இடத்தில் குடிக்க விட்டால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு உங்கள் மீதும் பாயும்.